சுக்கானியாக இருந்த அப்பாவின் 70-ஆம் பிறந்தநாளுக்குக் கடல் ஒட்டுப் போர்வை: யோசனை தேவை

முயல்தீவு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா தூத்துக்குடிக்காரர். 31 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை செய்து, அதில் பெரும்பகுதியைக் கப்பலின் சுக்கானைப் பிடித்துத் திருப்பும் சுக்கானியாகக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். வரும் தை மாதம் அவருக்கு 70 வயது நிறைகிறது. சட்டையும் கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுத்தால் பீரோவுக்குள் போய்விடும் என்பது பல வருட அனுபவம் என்பதால், இந்த முறை நானே ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். கையில் சரியாக ஏழு வாரங்கள் இருக்கின்றன.

என் தையல் அனுபவம் ரவிக்கை, பாவாடை, தலையணை உறை என்ற அளவில்தான். தங்கையின் குழந்தைக்குச் சதுரத் துண்டுகளை மட்டும் இணைத்து ஒரு சிறு போர்வை தைத்தேன். மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலும் குழந்தை குறை சொல்லவில்லை. வீட்டில் இருப்பது சாதாரண மின் தையல் இயந்திரம்.

இப்போது வரைந்து வைத்திருப்பது இதுதான். 54 அங்குல அகலம், 72 அங்குல நீளம். நடுவில் 32 முனைகள் கொண்ட பெரிய திசைகாட்டி. மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக, கப்பல் சைகைக் கொடிகளில் ‘அப்பா’ (APPA) என்று ஆங்கில எழுத்துகள் நான்கு. சுற்றிலும் கயிறு சுற்றிய நங்கூரங்கள், ஆரக்கால் வைத்த சுக்கான் சக்கரம், சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், சிவப்புக் கரை. படத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். குழந்தைகள் அறைக்குத் தொங்கவிடும் திரைச்சீலை போல இருக்கிறது என்று பதில் வந்தது.

தங்கை சொன்னதைவிட அப்பாவின் கண்தான் எனக்குப் பயம். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் அலங்காரத்துக்காகத் தொங்கவிட்டிருந்த கொடிகளைப் பார்த்துவிட்டு, “ஒன்று மருத்துவ உதவி வேண்டும் என்கிறது, பக்கத்தில் இருப்பது இழுவைக் கப்பல் வேண்டும் என்கிறது, மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்மையில் எது வேண்டுமாம்?” என்று பந்தியில் உட்கார்ந்தபடியே கேட்டவர் அவர். ஆகவே கொடிகள் பிழையாக இருந்துவிடக் கூடாது. நடுவில் எதை வைப்பது, அடர்நீலத் துணி சாயம் விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். இலவம்பஞ்சு வைத்துத் தைத்தால் மெத்தென்று இருக்கும் என்று அத்தை சொல்கிறார்.

ஊசிக்காரி, சென்னை

ஏழு வாரத்தில் 32 முனைத் திசைகாட்டியா? வேண்டாம் அம்மா. அனுபவசாலிகளே அதை ஒரு பருவ காலம் முழுவதும் தைப்பார்கள். முனைகள் ஊசியாகச் சென்று சேரும் இடத்தில் நூலிழை அளவு தவறினாலும் வட்டம் பள்ளமாகவோ மேடாகவோ மாறிவிடும். எட்டு முனைகளோடு 18 அங்குலத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் வெறும் கையால் வெட்டி இணைக்காமல், மெல்லிய தாளில் கோடு வரைந்து, தாளின் பின்புறம் துணியை வைத்து, கோட்டின் மேலேயே தைத்துப் பிறகு தாளைக் கிழித்தெடுக்கும் முறையில் செய்யுங்கள். தையலை மிகச் சிறியதாக வைத்துக்கொண்டால் தாள் எளிதில் கிழியும். இந்த முறையில் தாளில் வரைந்தது துணியில் இடம் வலம் மாறி வரும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மாற்றி வரையாவிட்டால் கிழக்கும் மேற்கும் இடம் மாறிவிடும். சுக்கானி வீட்டில் அது தாங்காது.

இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் உகந்தது. போர்வைக்கு உதவாது. அந்த இழை வழுவழுப்பானது; ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போய் நான்கு துவைப்புக்குள் மூலைகளில் உருண்டையாகக் கட்டிவிடும். தண்ணீரை எளிதில் உறிஞ்சாது என்பதால் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அதைத்தான் திணித்தார்கள் என்பது வேறு விஷயம். தூத்துக்குடி வெயிலுக்குப் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பும் தேவையில்லை. அப்பாவின் பழைய பருத்தி வேட்டிகளைத் தேவையான அகலத்துக்கு இணைத்து நடு அடுக்காக வையுங்கள். பல வருடம் துவைத்தவை என்பதால் இனிமேல் சுருங்க அவற்றில் ஒன்றுமில்லை.

சாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். நாத்தனாருக்காக மூன்று மாதம் உட்கார்ந்து தைத்த நீல வெள்ளைப் போர்வையை முதல் முறை நனைத்த அன்று, வெள்ளைத் துண்டுகள் எல்லாம் சொட்டுநீலத்தை அளவுக்கு மீறி ஊற்றியது போல ஆகிவிட்டன. கடைக்காரர் “சாயம் போகாது” என்று சொன்ன துணிதான் அது. அன்றிலிருந்து கடைக்காரரைக் கேட்பதில்லை, துணியைத்தான் கேட்கிறேன். வாங்கிய ஒவ்வொரு அடர்நிறத் துணியிலிருந்தும் உள்ளங்கை அளவுத் துண்டை வெட்டி, ஒரு துளி சலவைத் திரவம் கலந்த வெந்நீர்க் குவளையில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். தண்ணீர் நிறம் மாறினாலே எச்சரிக்கைதான். மாறாவிட்டாலும் அந்த ஈரத் துண்டை வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்திக் காயவிட்டுப் பாருங்கள். கறை படிந்தால் முழுத் துணியையும் தனியாக இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசி மறுபடி சோதியுங்கள். அப்போதும் விட்டால் அந்தத் துணியில் ஜன்னல் திரை தைத்துக்கொள்ளலாம், போர்வைக்கு வேண்டாம். கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில், நிறம் நூலுக்குள் போவதற்கு உப்பு உதவுகிறது என்பது உண்மை. கடையிலிருந்து வீட்டுக்கு வந்த துணியில் அது எதையும் பிடித்து வைக்காது. உங்கள் சிவப்புக் கரையையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். என்னைக் கேட்டால் சிவப்பே வேண்டாம்.

பழைய மேல்தளம்

நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்து கரையேறியவன். தையலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கொடிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். உங்கள் அப்பா கல்யாண மண்டபத்தில் கேட்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.

முதலில், கொடிகளைப் படுக்கை வரிசையில் வைக்காதீர்கள். கயிற்றில் ஏற்றிய சைகையை மேலிருந்து கீழாகத்தான் படிப்போம். ஆகவே போர்வையின் இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துங்கள், கயிறு கொடிகளின் இடது ஓரத்தில் போகட்டும். முதல் எழுத்தான ‘ஆல்ஃபா’, கயிற்றுப் பக்கம் வெள்ளை, பறக்கும் பக்கம் நீலம்; பறக்கும் ஓரத்தில் மீன்வால் போல ஒரு வெட்டு உண்டு. அடுத்த எழுத்தை வானொலியில் ‘பாப்பா’ என்போம். நீலச் சதுரத்தின் நடுவில் வெள்ளைச் சதுரம். துறைமுகத்தில் அது தனியாகப் பறந்தால், கப்பல் புறப்படப் போகிறது, எல்லோரும் வந்து சேருங்கள் என்று பொருள். உங்கள் வீட்டில் அந்தக் கொடியைப் பார்த்தவர்களுக்கு அது பிடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது விஷயம்தான் உங்கள் அப்பா கட்டாயம் கவனிக்கப்போவது. பன்னாட்டுச் சைகைத் தொகுதியில் எழுத்துக்கொடிகள் 26, எண்கொடிகள் 10, மாற்றுக் கொடிகள் 3, பதில்கொடி ஒன்று, ஆக மொத்தம் 40. ஒரு தொகுதியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே கொடிதான் இருக்கும். அதே எழுத்து மறுபடி வந்தால் மாற்றுக் கொடியை ஏற்றுவோம். முதல் மாற்று என்றால் மேலே உள்ள முதல் கொடியைத் திரும்பப் படி என்று அர்த்தம், இரண்டாம் மாற்று என்றால் இரண்டாவது கொடியை. அந்தக் கணக்கில் ‘அப்பா’ என்பதை ஆல்ஃபா, பாப்பா, இரண்டாம் மாற்று, முதல் மாற்று என்று ஏற்ற வேண்டும். இரண்டாம் மாற்று பாதி நீலமும் பாதி வெள்ளையுமான நீண்ட முக்கோணம். முதல் மாற்று நீலக் கரையிட்ட மஞ்சள் முக்கோணம். கொடிப் பெட்டியின் அறைகளிலிருந்து உருவியெடுத்து ஏற்றி இறக்குவது சுக்கானிகளின் வேலைகளில் ஒன்று; அவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கயிறு சுற்றிய நங்கூரத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சின்னங்களில் அழகாக இருக்கலாம். மேல்தளத்தில் நின்றவனுக்கு அது சிக்கிய நங்கூரம், ஒரு ராத்திரி வேலை. ஆரக்கால் சக்கரமும் அப்படித்தான். நாங்கள் ஓட்டிய கப்பல்களில் சுக்கான் சக்கரம் ஏறக்குறையக் கார் ஸ்டியரிங் அளவில்தான் இருந்தது.

வல்வைப் பேத்தி, டொராண்டோ

திசைகாட்டியின் நான்கு முனைகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகக் காற்றுகளின் பெயர்களைத் தைத்தால் என்ன? எங்கள் அப்பப்பா திசையைச் சொல்லும்போது வடக்கு தெற்கு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். தமிழ்நாட்டுக் கரையில் சோழகத்தைத் தென்றல் என்பவர்களும், கச்சானைக் கோடை என்பவர்களும் உண்டு. உங்கள் அப்பாவிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்து அவர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அதையே தையுங்கள்.

கப்பல் உருவம் ஒன்று வைப்பதாக இருந்தால், படம் பார்த்து ஏதோ ஒரு பாய்க்கப்பலை வைக்காமல் அவர் சிறு வயதில் தூத்துக்குடியில் பார்த்திருக்கக்கூடிய தோணியை வையுங்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன அந்தத் தோணிகளின் தலைவரை உங்கள் பக்கம் தண்டல் என்பார்கள், நாங்கள் தண்டையல் என்போம். எங்கள் ஊரான யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து, 1938-இல் அமெரிக்காவின் குளூஸ்டர் துறைமுகம் வரை போனது. என் அம்மாவின் போர்வையில் நான் அதைத்தான் வைத்தேன். மூன்று பாய்களையும் ஒரே வெள்ளையில் வெட்டியதால் தூரத்திலிருந்து துணி காயப்போட்ட கயிறு போலத் தெரிகிறது. நீங்கள் வெள்ளையிலேயே இரண்டு மூன்று சாயல்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முயல்தீவு மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிவப்பு, நங்கூரம், சக்கரம், 32 முனைகள் எல்லாம் போய்விட்டன. காற்றுப் பெயர்களை அப்பாவிடம் தொலைபேசியில் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டேன். சோழகம், கச்சான் என்றுதான் சொன்னார். எதற்குக் கேட்கிறாய் என்று சந்தேகமும் பட்டார்.

ஆனால் கொடியில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அந்த எழுத்தின் பெயர் ‘பாப்பா’ என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னையும் தங்கையையும் அப்பா இன்றைக்கும் பெரிய பாப்பா, சின்ன பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். அவர் பெயரை ஏற்றினால் நடுவில் நாங்கள் இருவரும் நிற்கிறோம். இதைத் தங்கையிடம் சொன்னேன். மாற்றுக் கொடி விதியையும் சேர்த்துச் சொன்னதுதான் தப்பு. “அப்படியென்றால் நான் உனக்கு மாற்றா?” என்று கேட்டுவிட்டாள். இரண்டாவது பாப்பாவையும் முழுக் கொடியாகவே வைத்தால் விதிமீறல் ஆகுமா?

பழைய மேல்தளம்

ஆகாது. இரண்டு தொகுதிக் கொடிகள் இருக்கும் கப்பலில் இரண்டு பாப்பாக்களையும் தாராளமாக ஏற்றலாம். கடைசி எழுத்துக்கு மட்டும் முதல் மாற்றை ஏற்றுங்கள். மேலிருந்து படிப்பவர் கீழே வந்ததும், முதல் கொடிக்குத் திரும்பிப் போவார். அதுவும் சரியான சைகைதான். தங்கையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இடம் இருந்தால் இன்னொன்று. முழு மஞ்சள் கொடி ஒன்றை எங்காவது வையுங்கள், அதன் பெயர் ‘கெபெக்’. கப்பலில் எல்லோரும் நலம், கரையோடு தொடர்புகொள்ள அனுமதி வேண்டும் என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது ஏற்றுவது.

ஊசிக்காரி, சென்னை

அப்படியானால் கணக்கைப் போட்டுவிடலாம். கொடி ஒவ்வொன்றும் தைத்து முடித்த பிறகு 9 அங்குலச் சதுரம், இடையில் 3 அங்குல இடைவெளி என்று வைத்தால் நான்குக்கும் 45 அங்குல உயரம் வரும். 72 அங்குல நீளத்தில் மேலும் கீழும் போதுமான இடம் மிஞ்சும். தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விடுங்கள். ரவிக்கைக்கு விடுவது போல ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் விட்டால் மூலைகள் சேராது. குழந்தைப் போர்வையில் உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

பாப்பாவுக்கு வெள்ளையில் 3½ அங்குலச் சதுரம் ஒன்று, நீலத்தில் அதே அளவுச் சதுரம் இரண்டு, 3½-க்கு 9½ அங்குலப் பட்டை இரண்டு. வெள்ளையின் இரு பக்கமும் நீலச் சதுரங்களை இணைத்து, தையலை நீலத்தின் பக்கம் மடித்து இஸ்திரி போட்டு, பிறகு மேலும் கீழும் பட்டைகளைச் சேருங்கள். தையலை வெள்ளைப் பக்கம் மடித்தால் நீலம் நிழலாகத் தெரியும். ஆல்ஃபாவுக்கு 5-க்கு 9½ அங்குலத்தில் வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. மீன்வால் வெட்டுக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம், பின்னணித் துணியில் ஒரு முக்கோணத்தை வெட்டி, ஓரம் மடித்து, நீலத்தின் மேல் வைத்துத் தையுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெட்டாகத்தான் தெரியும். முதல் மாற்றையும் இதே போலப் பின்னணிச் சதுரத்தின் மேல் வைத்துத் தைத்துவிடலாம்.

அடுக்குகளை இணைக்கும்போது வேட்டியும் அடித்துணியும் நான்கு பக்கமும் மூன்று அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஊக்குகளை ஒரு கையகல இடைவெளியில் குத்தி, நடுவிலிருந்து வெளிநோக்கித் தைத்துக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குமியும். ஓரப்பட்டி சுற்றளவு 252 அங்குலம் வருகிறது, மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 264 என்று வைத்துக்கொள்ளுங்கள். 44 அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டைகள் ஏழு வெட்டினால் போதும், அரை மீட்டரில் அடங்கிவிடும். மஞ்சள் கொடியை என்னைக் கேட்டால் முன்பக்கம் வைக்கவே வேண்டாம். அடித்துணியில் வையுங்கள், மடித்தால்தான் தெரிய வேண்டும்.

முயல்தீவு மகள் (எட்டு வாரங்களுக்குப் பிறகு)

பிறந்தநாளுக்கு முந்தைய இரவு 11 மணிக்கு ஓரப்பட்டியின் கடைசித் தையலைப் போட்டேன். நீலத் துணி இரண்டு சோதனையில் தோற்று, மூன்றாவதாக வேறொரு கடையில் வாங்கியதுதான் தேறியது. தோணி வைக்க நேரம் கிடைக்கவில்லை. கீழ்ப்பகுதி முழுவதையும் அலைக்கோடாகத் தைத்து நிரப்பிவிட்டேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்வையைத் திண்ணையில் விரித்தார். முதலில் பார்த்தது திசைகாட்டியைத்தான். ஒரு முனை வட்டத்தோடு சரியாகச் சேரவில்லை என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. “வாடை இரண்டு டிகிரி கொண்டல் பக்கம் சாய்ந்திருக்கிறது” என்றார். பிறகு, பிழை இல்லாத திசைகாட்டி எந்தக் கப்பலிலும் கிடையாது, எவ்வளவு பிழை என்று அட்டையில் எழுதிப் பக்கத்தில் மாட்டிவைப்போம் என்று சமாதானமும் சொன்னார். கொடிகளுக்கு வந்தபோது விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். ஆல்ஃபா, பாப்பா, பாப்பா, முதல் மாற்று. மூன்றாவதில் சற்று நின்று, “ஒரே பெட்டியில் இரண்டு பாப்பா ஏது?” என்று கேட்டார். தங்கை கையைத் தூக்கினாள்.

மஞ்சள் கொடியை அவர் கண்டுபிடித்தது மறுநாள் காலையில், மடித்து வைக்கும்போது. போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்று, எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். கை கால் கழுவிவிட்டு வரச் சொன்னார் அம்மா.